படலையடியில் கையெழுத்து வேண்டாம்



வங்காலை போன்ற கரையோரக் கிராமங்களில் காலை பத்து மணி என்பது வீட்டில் பெண்கள் தனித்திருக்கும் நேரம். இரவு கடலுக்குப் போனவர் கரை திரும்பி அயர்ந்து தூங்குவார், அல்லது மீனைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கப் போயிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அடுப்பில் உலை. முற்றத்தில் காயப்போட்ட கருவாடு, அதைக் கொத்த வரும் காகம். இந்த நேரம் பார்த்துத்தான் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, வாயில் "அக்கா, ஒரு நிமிசம்" என்ற இனிய வார்த்தை.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீடு தேடி வருபவர் எல்லோரும் வேண்டாதவர் அல்லர். மரக்கறி கொண்டு வருபவர், சட்டி பானை விற்பவர், ஆண்டாண்டாகப் புடவைப் பொட்டணியோடு வரும் அம்மா இவர்களெல்லாம் எமது வாழ்வோடு சேர்ந்தவர்கள். அவர்களின் ஊர் தெரியும், பேர் தெரியும், பொருள் பிழைத்தால் அடுத்த கிழமை அவர்களைப் பிடித்துக் கேட்கலாம். நாம் பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. நாம் அழைக்காமல் வருபவர், இன்றே முடிவெடுக்கச் சொல்பவர், போன பின் எங்கே தேடுவது என்று தெரியாதவர். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் எம்மால் மறுக்க முடிவதில்லை?

வந்தவரை வாசலில் நிறுத்திவைப்பது மரியாதை இல்லை என்று பழகி வளர்ந்தவர்கள் நாம். கதிரை கொடுப்போம், தேநீர் கொடுப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் விற்க வருபவருக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவது படலையில் நிற்பவரை அனுப்புவதை விடக் கடினம். ஒரு சின்னப் பரிசை, ஒரு மாதிரிப் பொருளைக் கையில் வாங்கிய பின் வெறுங்கையோடு அவரை அனுப்ப மனம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. கதவு தட்டும் சத்தத்துக்கு எங்கள் மண்ணில் நீண்ட, கசப்பான கதை இருக்கிறது. போர்க்காலத்தில் அட்டையோடும் பதிவேட்டோடும் வந்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. காட்டு என்றதைக் காட்டினோம், கையெழுத்திடு என்ற இடத்தில் இட்டோம். அந்தக் காலம் போனாலும் உடம்பில் படிந்த பழக்கம் போகவில்லை. கோப்போடு ஒருவர் நின்று, "அடையாள அட்டையை ஒருக்காக் காட்டுங்கோ அம்மா" என்றால் எம்மில் பலர் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறோம். விற்க வந்தவருக்கும் கடன் கொடுக்க வந்தவருக்கும் உங்கள் அடையாள அட்டையைக் கேட்கும் அதிகாரம் எதுவும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

நுண்கடன் கற்றுத்தந்த பாடம்

2009 இல் போர் முடிந்த பின் வடக்கு கிழக்கு எங்கும் நிதி நிறுவனங்களின் கிளைகள் பெருகின. வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள், பத்திரம் கேட்பார்கள். இவர்களோ வீடு தேடி வந்தார்கள். நாலைந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையெழுத்திட்டால் போதும், காசு கைக்கு வந்தது. குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களுக்கு அது பெரும் ஆறுதலாகத் தெரிந்தது. வலை வாங்கவும் ஆடு வாங்கவும் வீட்டைக் கட்டி முடிக்கவும் எடுத்தார்கள். அதைக் கொண்டு முன்னேறியவர்களும் உண்டு.

ஆனால் கொடுக்க வீடு தேடி வந்தவர் வாங்கவும் வீடு தேடி வந்தார். கிழமைக்குக் கிழமை, சில இடங்களில் நாளுக்கு நாள். கடலில் சோளகம் பலமாக வீசித் தொழில் படுத்த மாதத்திலும் தவணை நிற்கவில்லை. ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மற்றொன்று என்று கடன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் பெற்ற பெண்களின் நிலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆண்டு வட்டி 220 வீதம் வரை போன கடன்கள் இருந்ததையும், அறவிட வந்தவர்களால் பெண்கள் மிரட்டப்பட்டதையும், சிலரிடம் கடனுக்கு ஈடாகப் பாலியல் இணக்கம் கேட்கப்பட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையான ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய துன்பம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு படலையடியில், பத்து நிமிடத்தில், வாசித்துப் பார்க்காத ஒரு தாளில் இட்ட கையெழுத்தில்.

ஓர் இரவு என்ற விதி

ஆகவே சகோதரிகளே, வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள். ஒரே ஒரு விதி போதும். அழைக்காமல் வந்தவருக்குப் படலையடியில் அன்றே காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நல்ல பொருளானாலும் ஓர் இரவு கழியட்டும். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் அந்த விலையை விட்டுவிடுங்கள். நேர்மையான வியாபாரி நாளையும் விற்பார். நாளைக்கு நிலைக்காத சலுகை உங்களை யோசிக்கவிடாமல் செய்வதற்கே வந்தது.

இந்த ஓர் இரவுக்கு வெளிநாடுகளில் சட்டமே இருக்கிறது. பிரித்தானியாவில் வாசலில் செய்த பெரும்பாலான கொள்வனவுகளை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அவுஸ்திரேலியாவில் அந்தக் காலம் 10 வேலை நாட்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் அழைக்காமல் வந்து கதவைத் தட்டி விற்கக்கூடாது. போகச் சொன்னால் உடனே போக வேண்டும். கனடாவில் எம்மவர் நிறைந்து வாழும் ஒன்ராரியோ மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. நீர் சூடாக்கி, குளிரூட்டி, நீர் வடிகட்டி போன்றவற்றை வீட்டுக்காரர் அழைக்காமல் வாசலில் விற்று ஒப்பந்தம் எழுதுவதை 2018 மார்ச் 1 முதல் தடைசெய்தது. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் வாழும் நாடுகளிலேயே மக்கள் வாசலில் ஏமாறுகிறார்கள் என்பதற்கு இந்தச் சட்டங்களே சாட்சி. ஆகவே மறுக்கத் தெரியாமல் போனது படிப்பறிவின் குறை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். யோசிக்க நேரம் கிடைக்காதது எவரையும் வீழ்த்தும். அந்த நேரத்தை எமது படலையில் நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

அந்த இரவில் என்ன செய்வது? ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம்தான் அக்கா" என்பார். 15,000 ரூபா கூட என்பதால் கேட்க அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதற் கிழமையிலேயே திரும்பத் தொடங்கிவிட்டது. அரையாண்டு முடியும்போதே 32,500 ரூபா கட்டி முடித்திருப்பீர்கள். சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது ஏறக்குறையப் பாதிப் பணம்தான். சரியாகக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 54 வீதம் அளவில் வரும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் ஏறும். இந்தக் கணக்கைப் போடப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றும் ஒரு கொப்பித் தாளும் போதும். ஆனால் கோப்பைத் திறந்தபடி ஒருவர் முன்னே நிற்கும்போது போட முடியாது.

அடுத்த நாள் காலையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ அதே தொகைக்கு என்ன வட்டி என்று கேட்டுப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

எப்படிச் சொல்வது?

மறுப்பதற்குக் காரணம் சொல்லப் போகாதீர்கள். "காசில்லை" என்றால் "தவணைக்குத் தாறன்" என்பார். "அவரைக் கேட்க வேணும்" என்றால் "அவர் எத்தனை மணிக்கு வருவார்?" என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் அவர்களிடம் தயாராக இருக்கிறது. காரணம் இல்லாத மறுப்புக்கு மட்டும் பதில் இல்லை.

"தம்பி, எங்கட வீட்டில வாசலில வாங்கிறதில்லை. வெயிலுக்க வந்திருக்கிறீங்கள், தண்ணி வேணுமெண்டால் தாறன்."

இவ்வளவுதான். வந்த பிள்ளையும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. மாத முடிவில் இத்தனை பேரைச் சேர்க்காவிட்டால் சம்பளம் குறையும் என்ற நெருக்கத்தில் வெயிலில் அலைவது. ஏச வேண்டாம், நாயை அவிழ்த்து விடவும் வேண்டாம். தண்ணீர் கொடுக்கலாம், கையெழுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அறிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் சங்கடம் கூடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா குழுக்கடனுக்கு உங்கள் கையெழுத்தைக் கேட்பா. குழுக்கடனில் உங்கள் கையெழுத்து என்பது அவ கட்டாத தவணையை நீங்கள் கட்டுவதாகக் கொடுக்கும் வாக்கு. "அக்கா, உங்களுக்கு ஏலுமான உதவி செய்வன். பிணைக் கையெழுத்து மட்டும் நான் ஒருத்தருக்கும் வைக்கிறதில்லை" என்று அன்றே சொல்லிவிடுவது உறவைக் காக்கும். தவணை தவறிய பின் வரும் சண்டை தலைமுறைக்கும் தீராது.

"பத்தாயிரம் போடுங்கோ, ரெண்டு பேரைச் சேருங்கோ, காசு தானாக வரும்" என்று வருபவரும் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். பொருள் விற்பதை விட ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால் அது கூம்பகத் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின்படி இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பவரும் சிக்கலில் மாட்டுவார். வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதாக வருபவரிடம் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரியுங்கள். சுற்றுலா வீசாவில் அனுப்பி அங்கே வேலை எடுத்துத் தருவேன் என்பவருக்குப் படலையைச் சாத்துங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்நியர் வந்தால் "அம்மா வீட்டில இல்லை" என்று சொல்லக்கூடாது. "அம்மா வேலையாக இருக்கிறா, பிறகு வாங்கோ" என்று படலைக்கு உள்ளே நின்றே சொல்லட்டும்.

போகாமல் நின்றால்?

போகச் சொன்ன பின்னும் மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணி ஒருவர் உங்கள் வளவுக்குள் நிற்பது, எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி அத்துமீறல் குற்றமாகும். முதலில் அவர் அனுமதியோடு உள்ளே வந்திருந்தாலும் இது பொருந்தும். கடன் தவறியவர் வீட்டுக்கும் இதே சட்டம்தான். கடன் நிலுவை என்பது குடியியல் விடயம். அறவிட வருபவர் நீதிமன்றம் போகலாம். உங்கள் தையல் மெசினையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ தானாகத் தூக்கிச் செல்ல அவருக்கு அதிகாரமில்லை. குத்தகைக்கு எடுத்த வாகனம் போன்றவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. அதற்கு உங்கள் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடுக்களைச் சுவரில் ஒரு தாளில் இவற்றை எழுதி ஒட்டி வையுங்கள். பொலிஸ் அவசர உதவி 119. பெண்களுக்கான உதவி 1938. நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. பொருள் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி நீங்கள் கேட்டால் விற்பவர் கொடுத்தே ஆக வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறையிடுவதும் கடினம்.

தொலைபேசியும் ஒரு படலைதான்

இப்போது அந்நியர் படலைக்கு வர வேண்டிய தேவையுமில்லை. கைத்தொலைபேசி மணி அடிக்கிறது. "உங்கட நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு, எடுக்க முதல் ஒரு சின்னத் தொகை அனுப்புங்கோ" என்கிறார் ஒருவர். "வங்கியில இருந்து கதைக்கிறன், உங்களுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்கிறார் மற்றவர். நீங்கள் வாங்காத லொத்தரில் உங்களுக்குப் பரிசு விழாது. தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம் உங்கள் பெட்டகத்தின் திறப்பு. எந்த வங்கியும் அதைக் கேட்காது. இங்கும் அதே விதிதான். அழைத்தவருக்கு அன்றே காசுமில்லை, இலக்கமுமில்லை. தொடர்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கும் பின்னர் பொலிசுக்கும் தாமதமின்றி அறிவியுங்கள். இணையவழி மோசடிகளுக்கு 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

தனித்தனியாக அல்ல, சேர்ந்து

ஒரு வீட்டுப் பெண் மறுத்தால் அவ கடுமையானவ என்பார்கள். ஊரே மறுத்தால் அது ஊர் வழக்கம். 2010 இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் நெருக்கடி முற்றியபோது, தவணையை வீட்டுக்குப் போய் வாங்கக்கூடாது, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில்தான் வாங்க வேண்டும் என்று அந்த மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. பின்னர் 2022 இல் இந்திய ரிசர்வ் வங்கியும் இதுபோன்ற விதியை வகுத்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் அறவிட வேண்டும், தொடர்ந்து இரு தடவை அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்குப் போகலாம், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது என்றது. 2025 இல் தமிழ்நாட்டிலும் கடன் அறவிடுவதில் வன்முறையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

இவற்றின் உட்பொருளை நாமும் பின்பற்றலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். கடன் கொடுக்க வருபவர், பொருளை விளக்க வருபவர் எல்லோரும் வீடு வீடாகப் போகாமல் பொது மண்டபத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் பேசட்டும். வட்டி எவ்வளவு, தவறினால் என்ன, பதிவு எங்கே என்று பத்துப் பெண்கள் கேட்கும்போது ஒருத்தி மறந்த கேள்வி இன்னொருத்திக்கு ஞாபகம் வரும். ஏற்கனவே கடன் எடுத்தவர்களின் தவணையையும் அங்கேயே வாங்கும்படி கேட்கலாம். அப்போது மாலை மங்கிய பின் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு எவரும் போக வேண்டியிராது.

கடனில் சிக்கியவர்களைப் பார்த்து "உனக்கு யார் கையெழுத்து வைக்கச் சொன்னது?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வெளியே சொல்லாமல் அடுத்த கடனை எடுக்கிறார்கள். மனமுடைந்து உயிரை மாய்க்கும் எண்ணம் வரை போனவர்களும் உண்டு. அப்படி ஒருத்தி உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அறவிட வரும் நாளில் அவ வீட்டு விறாந்தையில் போய் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். இரண்டாவது ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறா என்பதே வந்தவரின் குரலைத் தணிக்கும், அவளுக்கும் நிமிர்ந்து பேசத் துணிவு தரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.